தீவுல டெண்ட் போடலாமா? - ஒரு குடும்பப் பஞ்சாயத்து

டிஸ்கி: கொஞ்சம் நீளமாப் போயிருச்சு. ஆணி அதிகமா இருக்குறவங்க சாயங்காலமா வந்து படிங்க :)

மன்னார் வளைகுடாவுல மொத்தம் 21 தீவு. தூத்துக்குடியில ஆரம்பிச்சு வேம்பார், கீழக்கரை வழியா மண்டபம், பாம்பன் வரைக்கும் கரையை ஒட்டியே சிதறிக் கிடக்கு. அதுல ஒண்ணுல குடும்பத்தோட ஒரு ராத்திரி டெண்ட் போட்டுத் தங்கணும், விடியக்காலம் கயாக்ல போய் மீன் பிடிக்கணும், பிடிச்ச மீனை அங்கேயே சுட்டுத் திங்கணும். எங்க வீட்ல ஒரு மாசமா ஓடுற திட்டம் இதுதான். பொட்டி தட்டுறவன் வீட்ல இருந்தா பிளான் போடுற வேலை யார் தலையில விழும்? எக்ஸெல் ஷீட்டோட நான்தான் உட்கார்ந்தேன். ஷீட் முடிஞ்சப்ப என் கட்சி இதுதான்: தீவுக்குப் போகக்கூடாது. சட்டம் தடுக்குதுங்கிறதுக்காக மட்டும் சொல்லல, வேற காரணமும் இருக்கு.

முதல்ல எங்க கூட்டத்தைச் சொல்லிடறேன். ஃப்ளோரிடாவுல இருக்கிற பெரியப்பா மகன், மதினி, அவங்க ரெண்டு பசங்க. அக்கா, அத்தான், அவங்க பொண்ணு. அம்மா, அப்பா, ஆச்சி, நான். ஆக பதினோரு உருப்படி. எல்லாரும் புளியங்குடி. எலுமிச்சையும் மேற்கால மலையும் தெரிஞ்ச அளவுக்கு எங்களுக்குக் கடல் தெரியாது. கடல்னா திருச்செந்தூர்ல முங்கி எந்திரிக்கிறது, அவ்வளவுதான். மீன் பிடிச்ச அனுபவம்னா குளத்துல மண்புழு மாட்டி ஜிலேபிக் கெண்டையும் கெளுத்தியும் பிடிச்சது. அதுலயும் பாதி நாள் மண்புழுதான் போகும், மீன் வராது.

அண்ணனுக்கு இந்த ஆசை வந்ததுல தப்பே இல்ல. ஃப்ளோரிடாவோட தென்மேற்கு மூலையில எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவுல 'பத்தாயிரம் தீவுகள்'னு ஒரு இடம் இருக்கு. சதுப்புக்காட்டுத் தீவுகள். கயாக்லயே போய் தீவுக்கரையில டெண்ட் போட்டுத் தங்கலாம். பசங்களோட போயிட்டு வந்து ஃபோட்டோவா அனுப்பினான். அவன் பையன் தன் கை நீளத்துக்கு ஒரு மீனைப் பிடிச்சுட்டு நிக்கான். "நம்ம ஊர்ப் பக்கமே தீவு இருக்கேடா, அங்க ஏன் போகக் கூடாது?" நியாயமான கேள்விதான்.

ஆனா அந்த ஊர்க் கதையை முழுசாக் கேக்கணும். அங்க ராத்திரி தங்கணும்னா முன்னாடியே பெர்மிட் எடுக்கணும். எந்தக் கரையில எத்தனை பேர்னு கணக்கு இருக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது ஒரு காலன் தண்ணி (நாலு லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி) கையோட கொண்டு போகணும்ங்கிறாங்க. அதுவும் கெட்டியான கேன்ல. ரக்கூன்னு ஒரு பிராணி, சாதாரண பாட்டிலைக் கடிச்சுக் குடிச்சிரும். மீன் பிடிக்க லைசென்ஸ் தனி. ரெட்ஃபிஷ்னு ஒரு மீன் அங்க பிரபலம். அது 18 அங்குலத்துக்குக் கீழ இருந்தாலும் 27 அங்குலத்துக்கு மேல இருந்தாலும் திருப்பிக் கடல்லயே விட்டுரணும். சின்னதை விடச் சொல்றது புரியுது. பெருசை ஏன் விடணும்? பெருசுதான் முட்டை போடுற தாய். அண்ணன் அனுப்பின ஃபோட்டோவுல சுதந்திரம் தெரியுது, அதுக்குப் பின்னாடி இருக்கிற ரூல் புக் தெரியல.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

இந்த 21 தீவையும் சேர்த்து 1986ல கடல்சார் தேசியப் பூங்காவா அறிவிச்சுட்டாங்க. 560 சதுர கிலோமீட்டர். 1989ல சுத்தியிருக்கிற 10,500 சதுர கிலோமீட்டர் கடலையும் கரையையும் உயிர்க்கோளக் காப்பகம் ஆக்கினாங்க. தேசியப் பூங்கான்னா அனுமதி இல்லாம கால் வைக்க முடியாது. பாம்பன் பக்கம் குருசடைக்கு வனத்துறையே படகு விட்டதுண்டு. அதுவும் பகல்ல போய்ப் பார்த்துட்டுப் பகல்லயே திரும்புறது. ராத்திரித் தங்கல் எங்கயும் கிடையாது.

"தீவுல இறங்க வேணாம், கயாக்ல சுத்தி நின்னு தூண்டில் போடலாம்ல?" இது அத்தான். அதுவும் ஆகாது. பூங்கான்னா வெறும் மண்திட்டு இல்ல. தீவுக்குக் கரைப்பக்கம் மூணரை பாகம் ஆழம் வரைக்கும், வெளிக்கடல் பக்கம் அஞ்சு பாகம் ஆழம் வரைக்கும் பூங்காதான். (பாகம்னா ரெண்டு கையையும் விரிச்ச நீளம், ஆறடி. கடக்கரையில ஆழத்தை இப்படித்தான் அளக்காங்க.) கயாக்ல உட்கார்ந்து தூண்டில் போடத் தோதான ஆழமே அதுதான். பவளப்பாறையும் கடல்புல்லும் இருக்கிறதும் அங்கதான்.

அடுத்ததா அத்தான் ஒரு பிரம்மாஸ்திரத்தை எடுத்தாரு. "ஒரு படகுக்காரர் நம்பர் இருக்கு மாப்ள. ஆளுக்கு ஐநூறு. சாயங்காலம் கொண்டு விட்டுட்டு காலையில வந்து கூட்டிக்கிடுவாரு. யாருக்குத் தெரியப் போகுது?"

நான் நிஜமாவே கோவப்பட்டது இந்த இடத்துலதான். ஒருவேளை மாட்டினோம்னு வைங்க. நாம என்ன செய்வோம்? சுத்துலா வந்தோம் சார், தெரியாமப் பண்ணிட்டோம் சார்னு கெஞ்சுவோம். அபராதம் போட்டா ஜிபேயில கட்டிட்டு, ராமநாதபுரத்துல பிரியாணி சாப்பிட்டுட்டு ஊர் வந்து சேர்ந்துருவோம். படகுக்காரர் கதி? 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குத்தத்துக்குப் பயன்படுத்தின படகைப் பறிமுதல் பண்ணலாம். படகு போச்சுன்னா அந்த வீட்டுல அடுப்பு போச்சு. ஐயாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு அவர் வாழ்க்கையைப் பணயம் வச்சு நம்ம பிள்ளைங்களுக்கு அட்வெஞ்சர் காட்டணுமா? அவரே சம்மதிக்காருன்னு அத்தான் சொல்றாரு. சம்மதிக்கிறது அவர் கஷ்டம். அந்தக் கஷ்டத்தை நாம ஆஃபர் மாதிரி எடுத்துக்கக் கூடாது.

இதைவிட எனக்கு உறுத்துற விஷயம் வேற ஒண்ணு. அந்தத் தீவுங்களுக்குப் பாத்தியதை உள்ள ஆளுங்க உண்மையிலேயே இருந்தாங்க. பாம்பன், சின்னப்பாலம், ஏர்வாடி மாதிரி ஊர்கள்ல பாசி எடுக்கிற பொம்பளைங்க. விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு, மூச்சைப் பிடிச்சு முங்கி, பாறையில இருந்து மரிக்கொழுந்து, கட்டக்கோரைன்னு கடல்பாசியைப் பிச்சுட்டு வருவாங்க. நம்ம ஐஸ்கிரீம், ஜெல்லி, மாத்திரை மேல இருக்கிற பூச்சு வரைக்கும் கடல்பாசிச் சரக்கு போகுது. முன்னாடியெல்லாம் சட்டி பானையோட போய்த் தீவுலயே சில நாள் தங்கிப் பாசி எடுத்தவங்க அவங்க. அதாவது, நாம ஆசைப்படுற 'ஐலண்ட் கேம்பிங்' அவங்களுக்குப் பிழைப்பு. தேசியப் பூங்கா வந்தப்புறம் அது போச்சு. தீவுக்கரையில ஏறினா கேஸ், சாக்கைப் பிடுங்குறது, விரட்டுறதுன்னு பல வருஷம் அல்லாடினாங்க.

அவங்க சும்மா அழுதுட்டு உட்கார்ந்திருக்கல. மாசத்துல 12 நாள்தான் பாசி எடுக்குறது, மீன் இனப்பெருக்கக் காலத்துல 45 நாள் கடல்ல இறங்குறதே இல்லன்னு தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கிட்டாங்க. சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015ல அமெரிக்காவுல சீகாலஜி பரிசு குடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? இதுக்காகத்தான். பள்ளிக்கூடப் படிப்பில்லாத பாசி எடுக்கிற அம்மா, அமெரிக்கா போய் வாங்கிட்டு வந்தாங்க.

சோத்துக்காகத் தங்கினவங்களையே வெளிய அனுப்பிட்டோம். இப்ப இன்ஸ்டாகிராம்ல போடுறதுக்காக நாம போய்த் தங்கினா அதுக்கு என்ன பேரு? தடையில அந்தப் பொம்பளைங்களுக்கு அநியாயம் நடந்திருக்குன்னு நான் நினைக்கேன். அதுக்குன்னு தடையே வேண்டாம்னு சொல்ல மாட்டேன். அதை மீறுற உரிமை யாருக்காவது இருக்குன்னா அது அவங்களுக்கு. வரிசையில நாம கடைசி. புளியங்குடியில இருந்து கார் எடுத்துட்டுப் போறவன் முதல்ல போய் நிக்கக் கூடாது.

அப்புறம் அந்தத் தீவுங்களோட நிலைமை. 21ங்கிறது இப்ப பேப்பர்லதான். பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் ஏற்கனவே தண்ணிக்குள்ள போயிருச்சு. தூத்துக்குடிக்குப் பக்கத்துல இருக்கிற வான் தீவு 1986ல 16 ஹெக்டேர், 2014ல ரெண்டு ஹெக்டேர். அதைக் காப்பாத்த வெளிப்பக்கமா செயற்கைப் பாறைகளைக் கடல்ல இறக்கி வச்சிருக்காங்க. காரைச்சல்லியும் அதே கதைதான். காரணம் பருவநிலை மாத்தம் மட்டும் இல்ல. பல வருஷமா சுண்ணாம்புக்கும் ஆலைக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டிக் கரையேத்தினோம். அலையோட வேகத்தைத் தடுக்கிற சுவரை இடிச்சுட்டா உள்ள இருக்கிற மண்ணு நிக்குமா? 2001ல பவளத்தைச் சட்டப் பாதுகாப்புல சேர்த்தாங்க. அதுக்கப்புறமும் வெட்டு நிக்கக் கொஞ்ச வருஷம் ஆச்சு. இடையில 2010, 2016ன்னு தண்ணி சூடாகி பவளம் வெளுத்தது வேற. இந்த லட்சணத்துல இருக்கிற மண்திட்டுல பதினோரு பேர், ரெண்டு டெண்ட், ஒரு அடுப்பு. கழிப்பறை கிடையாது. குடிதண்ணி எப்படின்னு கேட்டா வேம்பார்ப் பக்கத்துத் தீவுப் பேர்களே பதில் சொல்லும். ஒண்ணு நல்லதண்ணி, இன்னொண்ணு உப்புத்தண்ணி :)

இனி கயாக். இங்க நான் அண்ணன் கட்சி. கயாக்ல மீன் பிடிக்கிறதை அமெரிக்கப் பந்தான்னு அப்பா கிண்டல் பண்றாரு. அப்பாவுக்கு நான் சொன்னது: அது நம்ம கட்டுமரத்தோட தம்பி. உள்ள உட்காராம மேல உட்கார்ற மாதிரி கயாக் ஒண்ணு இருக்கு, மீன் பிடிக்க அதைத்தான் அதிகம் எடுக்காங்க. அதோட தளத்துல அடி வரைக்கும் ஓட்டை விட்டிருப்பான். அலை மேல ஏறினா தண்ணி அந்த ஓட்டை வழியாக் கீழ இறங்கிரும். தண்ணியை இறைக்கிற வேலையே இல்ல. கட்டுமரமும் அதேதான். கனம் இல்லாத மரத்தடிகளைச் சேர்த்துக் கயித்துல கட்டினது, இடுக்கு வழியாத் தண்ணி ஏறும், இறங்கும். நிறைஞ்சு முழுகுறதுக்கு உள்ளுக்குள்ள பள்ளமே கிடையாது. கரைக்கு வந்ததும் கட்டை அவுத்துக் காய வச்சிருவாங்க. எந்த இஞ்சினியரிங் காலேஜ்லயும் எனக்கு இதைச் சொல்லித் தரல. 'கேட்டமரான்'னு இங்கிலீஷ்காரன் பேரை மட்டும் நம்மகிட்ட இருந்து எடுத்துட்டுப் போய் ரெட்டைப் படகுக்கு வச்சிட்டான்.

ஆனா கட்டுமரத்துல போனவனுக்குக் காத்து தெரியும். நமக்குத் தெரியாது. நம்ம ஊர்ல ஜூன்ல சாரல் அடிச்சு, குத்தாலத்துல தண்ணி விழுந்து, சுரண்டைப் பக்கம் காத்தாடியெல்லாம் சுத்துதே, அதே தென்மேற்குக் காத்துதான் தூத்துக்குடியில கரையைத் தாண்டிக் கடலுக்குள்ள வீசுது. கச்சான்ம்பாங்க. கரையில நிக்கிறவனுக்குக் கடல் அமைதியாத் தெரியும், அதான் ஆபத்து. கயாக் லேசு. காத்து முதுகுல தள்ளும்போது போறது சொகமா இருக்கும். திரும்பும்போதுதான் தெரியும். தீவுங்கள்ல பலது கரையில இருந்து எட்டு, பத்து கிலோமீட்டர். பழக்கம் இல்லாத ஆள் ஒரு பிள்ளையையும் உட்கார வச்சுத் துடுப்புப் போட்டா, காத்து இல்லாத நாள்லயே ரெண்டு மணி நேரம் ஆகும். எதிர்க்காத்துல கணக்கே கிடையாது. ஜோ டி குரூஸோட 'ஆழி சூழ் உலகு' (2004) படிச்சவங்களுக்கு நான் விளக்க வேண்டாம். கடல் தெரிஞ்சவனுக்கே அந்தப் பாடு.

ராமேஸ்வரம் பக்கம் பாக் நீரிணையைப் பெண் கடல்னும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல்னும் சொல்லுவாங்க. கச்சான் காலத்துல மன்னார் பக்கம் கொந்தளிக்கும், பாக் பக்கம் குளம் மாதிரி கிடக்கும். வாடைக் காலத்துல அப்படியே உல்ட்டா. எந்த மாசம் எந்தக் கரைங்கிறது எக்ஸெல் ஷீட்ல முதல் வரி. அண்ணன் அனுப்பின லிஸ்ட்ல கயாக் பிராண்டு வரைக்கும் இருந்துச்சு, இந்த வரி இல்ல.

அப்ப என்னதான்டே செய்யணும்ங்கிறேன்னு அத்தான் கேட்டாரு. என் மாத்துத் திட்டம் இது.

தேவிபட்டினத்துல இருந்து தொண்டி போற வழியில காரங்காடுன்னு ஒரு கடலோர ஊர். அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊர்க்காரங்களும் சேர்ந்து படகு விடுறாங்க, கயாக்கும் இருக்கு, லைஃப் ஜாக்கெட் குடுக்காங்க. ஊர்ப் பொம்பளைங்க சமைச்ச நண்டும் மீனும் சாப்பிடக் கிடைக்கும். காசு அந்த ஊருக்குள்ளயே நிக்குது. பசங்க துடுப்புப் பிடிக்கக் கத்துக்க அந்த அலையில்லாத ஓடை போதும். ஆச்சிகூட படகுல ஏறிருவா. போறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு, அன்னைக்குப் படகு உண்டா, கயாக் உண்டான்னு கேட்டுக்கணும், அவ்வளவுதான். தங்குறதுக்கு ராமநாதபுரத்துல ரூம். டெண்ட் ஆசை தீரலன்னா யாராவது தென்னந்தோப்புக்காரர்கிட்ட கேட்டு அங்க போட்டுக்கலாம். கடக்கரை மணல்ல வேண்டாம். ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் ஆமை முட்டையிட ஏறுற காலம், நம்ம லைட்டு அதுக்கு ஆகாது.

மீன்பிடி? நாட்டுப்படகு வச்சிருக்கிற ஒருத்தர்கிட்ட முறையாப் பேசி, அவர் தொழிலுக்குப் போற கடல்ல, அவர் சொல்ற இடத்துல, கைத்தூண்டில். இறால் துண்டை மாட்டி நரம்பை இறக்கினா கிழங்கான், சங்கரா, அதிர்ஷ்டம் இருந்தா விளமீன். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாதுன்னு (கெளிறு முள்ளு, திருக்கை வாலு, பேத்தை மீன்) அவர் சொல்லித் தர்றது எந்த யூட்யூப்லயும் வராது. நமக்கு ஒண்ணும் மாட்டலன்னா அவர் பிடிச்சதை அவர் சொல்ற விலைக்கு வாங்கணும். பேரம் கிடையாது. இதுதான் என் ஒரே கண்டிஷன். எலுமிச்சம்பழம் நம்ம மார்க்கெட்ல இருந்து, மீனுக்கும் ஆச்சு, வாந்திக்கும் ஆச்சு.

அரசாங்கத்து மேலயும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஆசையை அடக்குன்னு மட்டும் சொன்னா ஜனங்க ஐநூறு ரூபாய்ப் படகைத் தேடித்தான் போவாங்க. 2018 மார்ச்ல குரங்கணி மலைத் தீயில இருபது பேருக்கு மேல செத்தாங்க. அதுக்கப்புறம் மலையேத்தத்துக்கு விதி வந்துச்சு. 2024ல 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 மலைப்பாதைகளை வழிகாட்டியோட ஆன்லைன்ல புக் பண்ற மாதிரி விட்டாங்க. மலைக்கு முடிஞ்சது கடலுக்கு முடியாதா? தீவைத் தொட வேணாம். கரையோர ஊர்கள்ல காரங்காடு மாதிரி இன்னும் பத்து இடம், ஒரு டெண்ட் போட ஒரு தோப்பு, ஒரு ராத்திரிக்கு இத்தனை பேர்னு கணக்கு, வழிகாட்டி அந்த ஊர் மீனவர், பாசி எடுக்கிற அம்மாக்கள். தீவுக்குப் பகல்ல படகு விட்டாலும் அந்தப் படகுல வழி சொல்ற வேலை முதல்ல அவங்களுக்குத்தான் போகணும். அந்தத் தண்ணியை அவங்களைவிடத் தெரிஞ்சவங்க வேற யாரு?

வீட்ல இப்ப நிலவரம்: அண்ணன் ஒத்துக்கிட்டான். மதினிக்கு முதல்ல இருந்தே தீவுல கழிப்பறை இல்லாதது பிடிக்கல. அத்தான் இன்னும் அந்த நம்பரை அழிக்கல. தேதிதான் இடிக்குது. பொங்கல் லீவுல வாடைக் காத்து மிச்சம் இருக்கும், பாக் பக்கம் நாட்டுப்படகுல பிள்ளைங்களோட போறது சரிப்படாது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு போகலாம்தான், ஆனா மீன் விலை ஏறி அவங்களுக்கு நாலு காசு நிக்கிற நேரம் அதுதான். அப்பப் போய் எங்களைக் கூட்டிட்டுச் சுத்துங்கன்னு கேக்குறது அழகில்ல. ரெண்டுக்கும் நடுவுல பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் வாரம் தோதா இருக்கு. அப்ப அக்கா பொண்ணுக்குப் பரீட்சை, அண்ணன் பசங்களுக்கு லீவு கிடையாது. எனக்கு அந்த வாரம் ரிலீஸ். லீவு லெட்டரை இப்பவே எழுதி வச்சுட்டேன், அனுப்பத்தான் இல்ல.